பாறைக்கு ஊர்ப்பெயர்: அரியலூர்க் கடற்படிவுகள் பெயர் பெற்ற வரலாறு – ஒரு நிகழ்வு ஆய்வு

1953 ஜூலை 15 அன்று திருச்சிக்குக் கிழக்கே ஒரு சிறு ரயில் நிலையத்தில் பெயர்ப்பலகைக்காகப் போராட்டம் நடந்தது. சிமெண்ட் ஆலையின் பெயரால் டால்மியாபுரம் என்று அழைக்கப்பட்ட ஊருக்குக் கல்லக்குடி என்ற அதன் சொந்தப் பெயரே வேண்டும் என்று கேட்டு, இளைஞராக இருந்த மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்தார்கள். தமிழ்நாட்டு அரசியல் அறிந்த எல்லோருக்கும் தெரிந்த கதை இது. இன்று அந்த நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம்.

அவ்வளவாகத் தெரியாத தொடர்ச்சி ஒன்று இதற்கு உண்டு. போராட்டம் நடந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு, 1969-ல், பாட்டியா, ஜெயின் என்னும் இரு நிலவியலாளர்கள் அதே ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெளிப்பட்ட சாம்பல் நிறக் களிப்பாறையை விவரித்து, அதற்கு ‘டால்மியாபுரம் ஃபார்மேஷன்’ என்று பெயரிட்டார்கள். ஊரின் பெயர் திரும்பிவிட்டது. பாறையின் பெயர் இன்றும் டால்மியாபுரமாகவே இருக்கிறது. இனியும் அப்படித்தான் இருக்கும். பாறையடுக்குக்கு ஓர் ஊரின் பெயரை முறைப்படி வைத்துவிட்டால், பின்னர் ஊரின் பெயர் மாறினாலும் பாறையின் பெயரை மாற்றுவதில்லை என்பது உலகெங்கும் நிலவியலாளர்கள் ஒப்புக்கொண்ட விதி. ஊரே இல்லாமல் போனாலும் அந்தப் பெயர் தொடரும்.

முதல் முறை இந்த விதியைப் படித்தபோது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. கல்லக்குடி என்பதே கல்லைச் சொல்லும் பெயர். பாறைக்கு அதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்? ஆனால் மாணவர்களுடன் பல ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் நடந்த பிறகு விதியின் பக்கம் நியாயம் இருப்பது புரிந்தது. கூடவே, அரியலூர்ப் பகுதியில் பெயர்கள் பட்டிருக்கும் பாட்டுக்கு ஊர்ப்பெயர் மாற்றம் காரணம் இல்லை என்பதும் தெரிந்தது. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

மேற்கிலிருந்து கிழக்காக

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளந்து இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து விலகிய காலத்தில் கிழக்குக் கரையோரம் தாழ்ந்த பள்ளங்களில் ஒன்று காவிரிப் படுகை. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரிட்டேசியஸில் கடல் அதற்குள் பலமுறை ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் அது விட்டுச்சென்ற மணலும் களிமண்ணும் கிளிஞ்சலும் கல்லாகி, இன்றைய திருச்சி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தரைக்கு மேலேயே தெரிகின்றன. அடுக்குகள் கிழக்கு, தென்கிழக்குப் பக்கமாக மெல்லச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குக்குப் போகிறோம். ஊட்டத்தூரில் காலைச் சிற்றுண்டியை முடித்துப் புறப்பட்டு மாலையில் செந்துறைப் பக்கம் வந்து சேர்பவர் ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளைக் கடந்திருப்பார்.

வழியில் கண்ணில் படுபவை ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்டவை. காரை கிராமத்தருகே புல்கூட முளைக்கத் தயங்கும் செம்மஞ்சள் களிமண் மேடுகளும், அவற்றை அரித்துக்கொண்டு ஓடும் ஆயிரம் வாய்க்கால்களும் இருக்கின்றன. அங்கே குனிந்து பார்த்தால் சுட்டுவிரல் போலக் கூர்மையான பெலம்னைட்டுகள் கிடைக்கும். கணவாய்க்கு உறவான ஓர் உயிரினத்தின் உள்ளோடு அது. கருடமங்கலத்தில் சிப்பிகள் நெருக்கமாகப் பிணைந்த சுண்ணாம்புக்கல் வருகிறது. மெருகேற்றினால் அழகாக இருக்கும் என்பதால் ‘திருச்சிராப்பள்ளிப் பளிங்கு’ என்று பெயர் வாங்கிய கல் அது. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது, 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. கல்லங்குறிச்சியில் சிமெண்ட்டுக்காக வெட்டிய குழிகளின் சுவர் முழுக்கச் சிப்பிகள். கல்லமேட்டில் ஆறுகள் கொண்டுவந்த மணலும் களிமண்ணும், அவற்றுக்கிடையே டைனோசர் எலும்புத் துண்டுகளும்.

மூன்று பெயர்கள்

1840-களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் இப்பகுதியிலும் விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளிலும் சேகரித்த தொல்லுயிர் எச்சங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்தார். தென்னிந்தியாவில் கிரிட்டேசியஸ் கடல் இருந்தது என்று உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். ஆனால் ஓர் எச்சம் எந்த அடுக்கிலிருந்து வந்தது, அந்த அடுக்குக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்பதைப் பெட்டியில் வந்த சிப்பி சொல்லாது. அதற்கு யாராவது நடக்க வேண்டும்.

நடந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராக அறியப்பட்டவர். அவர் 1862-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இப்பாறைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று குழுக்களாகப் பிரித்தார். 160 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த மூன்று பெயர்களும் பாடநூல்களில் நிற்கின்றன. வெயிலில் குதிரையும் குறிப்பேடுமாக அலைந்து வரைந்த அந்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இன்று போனாலும் பல எல்லைகள் அவர் சொன்ன இடத்திலேயே இருப்பதைப் பார்க்கும்போது மரியாதை பெருகுகிறது.

ஆனாலும் சிக்கலின் விதை அங்கேதான் விழுந்தது. மூன்று பெயர்களில் நடுவிலிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘திருச்சிராப்பள்ளிக் குழு’ என்று கேட்டதும் வெளியூர்க்காரர் எங்கே தேடிப் போவார்? மலைக்கோட்டைக்குத்தான் போவார். மலைக்கோட்டையோ இந்தக் கடலுக்குப் பல கோடி ஆண்டுகள் முந்திய ஆதிப்பாறையின் பகுதி. திருச்சி நகரில் திருச்சிராப்பள்ளிக் குழுவின் பாறை இல்லை. பிளான்ஃபோர்ட் அன்றைய மாவட்டத்தின் பெயரை வைத்தார். அந்த மாவட்டம் 1995-லும் பின்னர் 2007-லும் பிரிந்து, குழுவின் பெரும்பகுதி இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பாறையை நேரில் பார்க்கக்கூடிய சிறிய, நிலையான இடத்தின் பெயரையே வைக்க வேண்டும் என்று பின்னர் வந்த நெறிமுறைகள் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னும் ஆழமான குறை ஒன்றும் உண்டு. பிளான்ஃபோர்ட் தம் குழுக்களைப் பிரித்தபோது பாறையின் தன்மை, தொல்லுயிர்கள், அடுக்குகளுக்கு இடையிலான முறிவுகள் ஆகிய மூன்றையும் கலந்தே பார்த்தார். அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இன்று இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறோம். கல்லின் தோற்றத்தைக் கொண்டு வகுப்பது ஒரு முறை. அதிலுள்ள உயிரெச்சங்களைக் கொண்டு வகுப்பது இன்னொரு முறை. காலத்தைக் கொண்டு வகுப்பது மூன்றாவது. ஒரே மணற்கல் ஓரிடத்தில் முன்பும் இன்னோரிடத்தில் சற்றுப் பின்பும் படிந்திருக்கலாம். கடல் ஏறும்போது கரை நகர்கிறது, கரையோடு மணலும் நகர்கிறது. ஆகவே கல்லின் எல்லையும் காலத்தின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கல்லின் தோற்றத்தைக் கொண்டு வகுக்கும்போது அடிப்படை அலகு, ஆங்கிலத்தில் ஃபார்மேஷன் எனப்படுவது. இக்கட்டுரையில் அதை ‘அமைவு’ என்கிறேன். வரைபடத்தில் வரையும் அளவுக்குப் பரப்பும், கண்ணால் பிரித்தறியும் அளவுக்குத் தனித்தன்மையும் அதற்கு இருக்க வேண்டும். அமைவுகள் சேர்ந்தால் குழு. அமைவுக்குள் பிரித்தால் உறுப்பு. அதற்கும் உள்ளே அடுக்கு. 1971-ல் இந்தியாவுக்கென்றே பெயரிடல் நெறிமுறை ஒன்றை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வெளியிட்டது. பழைய பெயர்களை அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது பல இடங்களில் இடித்தது.

ஒரே பாறை, இரண்டு மூன்று முகவரிகள்

1970-களின் தொடக்கத்தில் சாஸ்திரியும் உடன் பணியாற்றியவர்களும் அரியலூர்க் குழுவைச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என நான்கு அமைவுகளாக வகுத்தார்கள். இது நன்றாக நிலைத்துவிட்டது. காரணம் எளிது: கீழே மணற்கல், நடுவே சுண்ணாம்புக்கல், அதன் மேல் மறுபடி மணற்கல், கடைசியில் ஆற்றுப் படிவு. நான்கும் ஒன்றோடொன்று மாறுபட்டவை. சுண்ணாம்புக்கல் அடையாளக் கோடு போல நடுவில் நிற்பதால் மற்ற மூன்றையும் அதைக் கொண்டு பிடித்துவிடலாம். நான்கு ஊர்களுக்கும் இன்று பஸ்ஸில் போகலாம்; பெயர் சொல்லும் ஊரில் பெயருக்குரிய பாறையும் இருக்கிறது.

நடுக்குழு அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. திருச்சிராப்பள்ளிக் குழுவை ஒரு சாரார் கொளக்காநத்தம், அணைப்பாடி என இரு அமைவுகளாகப் பிரித்தார்கள். வேறொரு சாரார் முழுவதையும் கருடமங்கலம் என்ற ஒரே அமைவாக்கி, கொளக்காநத்தத்தையும் அணைப்பாடியையும் அதற்குள் உறுப்புகளாக இறக்கினார்கள். ஆக, ‘கொளக்காநத்தம்’ என்று ஒரு கட்டுரையில் படித்தால், எழுதியவர் எந்தத் திட்டத்தைப் பின்பற்றுகிறார் என்று தெரியாமல் அது எவ்வளவு பெரிய அலகு என்று சொல்ல முடியாது. படுகையின் அடித்தளத்திலும் இதே கதை. ஊட்டத்தூர் அருகே தெரணியில் இலைப்பதிவுகளோடு வெட்டியெடுக்கப்படும் வெண்களிமண்ணுக்கு, தெற்கே வெகுதொலைவில் உள்ள சிவகங்கையின் பெயரைச் சிலர் நீட்டினார்கள். அங்கும் இங்கும் ஒத்த தாவரங்கள் கிடைக்கின்றன என்பது வாதம். தாவரம் ஒத்திருப்பது காலத்துக்குச் சான்றாகலாம். கல் ஒன்றே என்று காட்ட, இரண்டு இடத்துக் கல்லையும் பக்கத்தில் வைத்து விவரித்திருக்க வேண்டும்.

டால்மியாபுரத்துக்கு வேறு விதமான விபத்து நேர்ந்தது. முதலில் களிப்பாறையை முன்னிட்டு வைத்த பெயருக்குள் பின்னர் வந்தவர்கள் அதன் மேலுள்ள பவள, பாசிச் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்தார்கள். இருவருக்கும் பெயர் ஒன்று, பொருள் வேறு. ஒருவர் ‘டால்மியாபுரம் அமைவில் கிடைத்தது’ என்று ஒரு நுண்ணுயிர் எச்சத்தைப் பதிவு செய்தால், அது களிப்பாறையிலா சுண்ணாம்புக்கல்லிலா? இரண்டுக்கும் இடையே கடல் தன் குணத்தையே மாற்றிக்கொண்டது. முன்னது கலங்கிய, சேறு படிந்த நீர். பின்னது ஒளி ஊடுருவும் ஆழமற்ற நீர். பெயர் குழம்பினால் கடலின் வரலாறே குழம்பிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆதங்கம் கூடுகிறது. புதிய பெயர் வைப்பதில் உள்ள உற்சாகம், பெயருக்கு உரியதைப் பொறுமையாக விவரிப்பதில் இருப்பதில்லை. இத்தனை அடுக்குகளுக்கு இத்தனை பெயர்கள் தேவையா என்றால், தேவைதான். ஆனால் பெயரோடு சேர்ந்து கீழ் எல்லை எங்கே, மேல் எல்லை எங்கே, இரண்டும் எந்தச் சுவரில் ஒருசேரத் தெரிகின்றன என்ற மூன்று வரிகள் வர வேண்டும். அந்த மூன்று வரிகள் இல்லாத பெயர், பத்திரம் இல்லாத மனை மாதிரி. யார் வேண்டுமானாலும் வேலி போடலாம்.

சுவரின் முன் நின்று எழுதுவது

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை எடுத்து, விவரணை எப்படி அமைய வேண்டும் என்று பார்க்கலாம். அமைவின் மொத்தத் தடிமன் சுமார் 40 மீட்டர். அடியில் மணலும் கூழாங்கல்லும் மிகுந்த பகுதி. சில்லக்குடி மணற்கல்லைக் கடல் அரித்துவிட்டு மறுபடி படிய வைத்த இடம் அது. அதற்கு மேல் இனோசெராமஸ் என்னும் பெரிய சிப்பியின் ஓடுகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதற்கும் மேல் பிரையோசோவா எனும் நுண்ணிய கூட்டுயிர்கள் மிகுந்த பகுதி. உச்சியில் கிரைஃபியா எனப்படும் தடித்த, வளைந்த சிப்பிகள் கரை கட்டியது போலக் குவிந்த பகுதி. இவற்றைக் கல்லாறு, காட்டுப்பிரிங்கியம், டான்செம், ஸ்ரீனிவாசபுரம் என்று நான்கு உறுப்புகளாக வகுத்த ஆய்வு இருக்கிறது. டான்செம் என்பது ஊர் இல்லை. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் சுருக்கப் பெயர். நெறிமுறைப்படி நிறுவனப் பெயரைத் தவிர்த்திருக்க வேண்டும். ஆனால் அந்த வகுப்பில் உறுப்புகள் அளக்கப்பட்டிருக்கின்றன, எல்லைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பெயரில் குறை இருந்தாலும் அதைக் கொண்டு சுவரில் கை வைத்துக் காட்ட முடிகிறது. நல்ல ஊர்ப்பெயரும் மங்கலான விவரணையும் இருப்பதைவிட இதையே நான் விரும்புவேன்.

மாணவர்கள் முதல் நாள் குறிப்பேட்டில் எழுதுவது பெரும்பாலும் ‘மஞ்சள் மணற்கல்’. சில்லக்குடியும் மஞ்சள் மணற்கல்லாகத் தெரியும், ஒட்டக்கோவிலும் தெரியும். வயல் வரப்பில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டைப் பார்த்து அந்த இரண்டு சொல்லில் எது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே உடைத்துப் பார்க்கச் சொல்வேன்: வெயில்பட்ட மேற்புறத்தின் நிறம் வேறு, உள்நிறம் வேறு, இரண்டையும் எழுத வேண்டும். மணியின் அளவு, உருண்டையா கூர்மையா, எல்லாம் ஒரே அளவா கலவையா; பத்து மடங்கு கண்ணாடியில் என்ன தெரிகிறது; நீர்த்த அமிலத்தின் ஒரு சொட்டில் நுரைக்கிறதா. அடுக்கு நேராக ஓடுகிறதா, குறுக்குச் சாய்வாக ஓடுகிறதா. புழுக்கள் துளைத்த தடம் உண்டா. சிப்பி முழுதாக, வாழ்ந்த நிலையில் நிற்கிறதா, உடைந்து ஒதுங்கியதா. கீழடுக்கிலிருந்து இதற்கு மாறுவது கத்தியால் வெட்டியது போலா, சிறிது சிறிதாகவா. சாய்வு எந்தப் பக்கம், எத்தனை பாகை. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. இவ்வளவுக்கும் பிறகுதான் பெயர்.

காரையில் ஒரு பொறி உண்டு, புதியவர்கள் எல்லோரும் அதில் விழுவார்கள். களிமண் மேட்டுக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாக ஜிப்சம் பளபளக்கும். உடனே ‘ஜிப்சம் அடுக்கு’ என்று எழுதிவிடுவார்கள். சற்றுத் தொடர்ந்து போய்ப் பார்த்தால் அது படிவின் கோட்டை வெட்டிக்கொண்டு ஏறுவது தெரியும். களிமண் படிந்து வெகுகாலம் கழித்து விரிசல்களில் வளர்ந்த நரம்பு அது. அதை அடுக்காக எண்ணித் தடிமனை அளந்தால் அந்தக் கணக்கு முழுவதும் தவறு. 2020-ல் குன்னம் பக்கம் குளத்தில் மண் எடுத்தபோது வந்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று ஊரே நம்பியதும் இதே வகை. அவை கடல்படிவில் உருண்டு திரண்ட கற்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த உருண்டைகள் எந்த அடுக்கில் இருந்தன, அந்த அடுக்கு கடலில் படிந்ததா நிலத்தில் படிந்ததா என்ற கேள்வியை முதலில் கேட்டிருந்தால் வதந்திக்கு இடமே இருந்திருக்காது.

சாத்தனூர்க் கல்மரத்தின் வயது 12 கோடி ஆண்டு என்று பரவலாக எழுதப்படுகிறது. அது கிடக்கும் திருச்சிராப்பள்ளிக் குழுவின் அம்மோனைட்டுகளோ (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிர்கள்) கிரிட்டேசியஸின் உட்பிரிவுகளான டூரோனியன், கோனியாசியன் காலத்தவை. கணக்கு ஏறத்தாழ 9 கோடி ஆண்டுக்கு வருகிறது. மரத்தின் வயதை மரத்திடம் கேட்க முடியாது, அது புதைந்த அடுக்கிடம்தான் கேட்க வேண்டும்.

நகராமல் எல்லை தாண்டிய அடுக்கு

கிழக்கோரத்தில் நின்னியூர் அடுக்குகள் இருக்கின்றன. பிளான்ஃபோர்ட் இவற்றை அரியலூர்க் குழுவிலேயே சேர்த்திருந்தார். பின்னர் இவை தனியானவை என்று தெரிந்தது. இவற்றின் காலம் டேனியன் என்னும் காலப்பகுதி என்று வகுக்கப்பட்டது. 1936-ல் எல். ராமராவும் ஜூலியஸ் பியாவும் இங்கிருந்து கல்லான பாசிகளை விவரித்தபோது, தலைப்பிலேயே ‘கிரிட்டேசியஸின் ஆக மேலான அடுக்குகள்’ என்று எழுதினார்கள். அன்றைய கணக்கில் டேனியன் கிரிட்டேசியஸைச் சேர்ந்தது. பிறகு உலக அளவில் எல்லைக்கோடு மாற்றப்பட்டு, டேனியன் அடுத்த யுகத்தின் தொடக்கமாயிற்று. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த அந்தக் கோடு இன்று நின்னியூருக்குக் கீழே ஓடுகிறது. முன்பு மேலே ஓடியது.

நின்னியூர்ப் பாறை ஓர் அங்குலமும் அசையவில்லை. அதன் பெயரையும் யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் பெயர் காலத்தைச் சொல்லவில்லை, இடத்தைச் சொன்னது. ‘மேல் கிரிட்டேசியஸ் சுண்ணாம்புக்கல்’ என்று பெயரிட்டிருந்தால் இன்று அந்தப் பெயரே பொய்யாகியிருக்கும். ஊர்ப்பெயர் விதியின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது இந்த இடத்தில்தான். டால்மியாபுரத்தைப் பொறுத்துக்கொள்ளவும் அதற்குப் பிறகே கற்றேன்.

அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே கல்லமேடு. 1980-களின் இறுதியில் யாதகிரியும் ஐயசாமியும் இங்கிருந்து மிகப் பெரிய எலும்புகளை விவரித்து, அந்த டைனோசருக்கு புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருக்கலாம் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. ஆனால் எலும்புகள் நொறுங்கும் தன்மையுடையவை. அவை சிதைந்து அழிந்துபோயின. இப்போது வாதிடுபவர்கள் பழைய வரைபடங்களையும், எழுதி வைத்த அளவுகளையும், எந்த அடுக்கு என்ற குறிப்பையும் கையில் வைத்துக்கொண்டு வாதிடுகிறார்கள்.

அரியலூர்ப் பகுதியின் பாறைச் சுவர்களுக்கும் அதே நிலை வரலாம் என்பதுதான் என் கவலை. சுண்ணாம்புக்கல்லின் உட்புறத்தை நமக்குக் காட்டியவை சுரங்கங்களே. அவை இல்லாவிட்டால் டால்மியாபுரத்தின் களிப்பாறை வெளியே வந்திருக்காது. ஆனால் சுரங்கத்தின் வெட்டுமுகம் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. ஒரு குழுவினர் அளந்து, படம் வரைந்து, வகைமாதிரிச் சுவர் (அமைவுக்கு அளவுகோலாக நிற்கும் மூலச் சுவர்) என்று அறிவித்த இடம் அடுத்த முறை போகும்போது வெறும் காற்றாக இருக்கும். கல் சிமெண்ட்டாகி எங்கோ வீடாக நிற்கும். வெட்டி முடித்த குழிகளில் நீர் நிறைந்துவிட்டால் அடிப்பகுதி எல்லையும் மறைந்துவிடும். மூலச் சுவர் அழிந்தால் துணைச் சுவர் ஒன்றை முறைப்படி அறிவிக்க நெறிமுறையில் வழி இருக்கிறது. மூலச் சுவர் நன்றாக விவரிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதற்கு இணையான ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் மாணவர்களை இரண்டு இரண்டு பேராக ஒரு சுவரின் முன் நிறுத்துகிறேன். ஒருவர் நாடாவை அடியிலிருந்து பிடிக்க வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் கைப்பிடி அளவு ஒரு துண்டு, மேற்புறம் எது என்று அம்புக்குறியோடு பையில் போகிறது. பையின் மேல் தேதியும் இடக்குறியீடும் எழுதுகிறோம். அமைவின் பெயருக்கான கட்டத்தை மட்டும் அன்று காலியாக விடச் சொல்கிறேன். இரவில் விடுதிக்குத் திரும்பி, துண்டுகளை அடியிலிருந்து வரிசையாகத் தரையில் பரப்பி, அடுத்த சுவரை அளந்த இருவரின் துண்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அந்தக் கட்டத்தை நிரப்புகிறார்கள்.